சுவர் கட்டினா போதுமா?

அடுத்த முறை குன்னூர் மலைப்பாதையில ஏறும்போது ரீல்ஸ் எடுக்கறதை விட்டுட்டு, மலைப்பக்கம் இருக்கிற தடுப்புச்சுவரைப் பாருங்க. தண்ணி வடிய ஓட்டை இருக்கா?

ரேங்கின் கணக்குல பத்து மார்க் வாங்கியிருப்பீங்க. காய்ந்த மணல் மண் மீட்டருக்குச் சுமார் 6 கிலோபாஸ்கல் தள்ளும். தேங்குற தண்ணி மட்டுமே 9.81. 2009 நவம்பர் மழையில நீலகிரி மண்சரிவுகள்ல 40 பேருக்கு மேல் இறந்தாங்க.

சாந்து இல்லாம அடுக்கும் கான்கிரீட் பிளாக், பின்னாடி ஜல்லி, மேல வெட்டிவேர். இதான் என் ஓட்டு. பிளாக் இடுக்கு வழியா தண்ணி வடியும். வேர் 3 மீட்டர் வரை இறங்கி மேல்மண்ணைப் பிடிக்கும் (ஆழமான சரிவை அது நிறுத்தாது, ஏமாற வேண்டாம்).

எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொன்னா முதல்ல கை வைக்கிறது ஜல்லியிலயும் செடியிலயும்தான். சிவில் மக்களே, அங்க மட்டும் கையெழுத்து போடாதீங்க.