மின்கம்பியில் அமர்ந்த காகம்



மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த பாடம் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். சில பாடங்களை மறந்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பௌதிகத்தில் நாம் படிக்கும் மின்புலமும் மின்னழுத்தமும் அப்படிப்பட்டவை அல்ல. அவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பைச் சூத்திரமாக ஒப்பிப்பது போதாது. பொருளுணர்ந்து கற்று, வீட்டாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

தெருவில் செல்லும் 11,000 வோல்ட் மின்கம்பியில் காகம் ஒன்று அமர்ந்து இறகைக் கோதுகிறது. அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. ஏன்?

விடை காண மலைக்குச் செல்வோம். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே சமதரையில் ஒரு பந்தை வைத்தால் உருளுமா? உருளாது. மலைச்சரிவில் வைத்தாலோ நில்லாமல் ஓடும். பந்தை ஓடச் செய்வது உயரம் அன்று, சரிவு. மின்னழுத்தம் உயரத்தைப் போன்றது. மின்புலம் சரிவைப் போன்றது. ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை வோல்ட் குறைகிறது என்பதே மின்புலத்தின் அளவு. சூத்திரத்தில் வரும் கழித்தல் குறியைக் கண்டு மிரள வேண்டியதில்லை. மின்னழுத்தம் குறையும் திசையை நோக்கியே மின்புலம் அமைகிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

மின்னழுத்தம் மிகுந்த இடத்தில் மின்புலமும் மிகுந்தே இருக்கும் என்று எண்ணுவது தவறு. 1836ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே பெரிய கூண்டு ஒன்றைச் செய்து, அதற்கு மிகுந்த மின்னூட்டம் அளித்து, தாமே அதனுள் இருந்து சோதித்தார். அவருக்குத் தீங்கு நேரவில்லை. கூண்டினுள் எங்கும் மின்னழுத்தம் ஒன்றே, சரிவு இல்லை, ஆகவே மின்புலமும் இல்லை. காகத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். அதன் இரு கால்களும் ஒரே கம்பியில், சில சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ளன. அவற்றிற்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

இனி மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். புயற்காற்றில் ஒரு மின்கம்பி அறுந்து ஈரமண்ணில் கிடக்கிறது. கம்பி தொடும் இடத்தில் மண்ணின் மின்னழுத்தம் மிக அதிகம். விலகிச் செல்லச் செல்லக் குறைகிறது. அதாவது, கண்ணுக்குத் தெரியாத மலை ஒன்று அங்கே நிற்கிறது! உதாரணமாக, முன்னங்கால் படும் இடத்தில் 1,500 வோல்ட், பின்னங்கால் படும் இடத்தில் 1,000 வோல்ட் என்று கொள்வோம். கம்பியைத் தொடாமலே, நடப்பவரின் இரு கால்களுக்கிடையே 500 வோல்ட் வந்துவிடுகிறது. எட்டி வைக்கும் அடி நீள நீள ஆபத்தும் கூடுகிறது. முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடைவெளி மிகுந்த மாடுகள் இதனால் எளிதில் பலியாகின்றன.

"கிட்டே போகாதே என்று சொன்னால் போதாதா? பௌதிகம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். போதாது என்பேன். ஆசையாய் வளர்த்த கன்று துடிப்பதைக் கண்டால், 'கம்பியைத் தொடாமல் போனால் சரி' என்று எண்ணியே ஓடத் தோன்றும். ஆபத்து கம்பியில் மட்டுமல்ல, மண்ணிலும் இருக்கிறது என்ற காரணம் தெரிந்தவரே அங்கு நிற்பார், பிறரையும் நிறுத்துவார். குறைந்தது 10 மீட்டர் விலகி நின்று, உடனே மின் அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அருகில் அகப்பட்டுக்கொண்டால் இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, தரையிலிருந்து தூக்காமல், சிறிது சிறிதாக நகர்த்தி வெளியேற வேண்டும். காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும்.

ஆசிரியைகளுக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. 'வரையறு' என்று கேட்கும் வினாக்களோடு, 'காகம் ஏன் பிழைத்தது, மாடு ஏன் இறந்தது?' என்ற வினாவையும் கேளுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் உள்ளதை எடுத்துச் சென்று வீட்டுக் கொல்லையில் நடுவது நம் கையில்தான் இருக்கிறது. இவ்விதழை மூடி வைக்கும் முன், வீட்டில் ஒருவருக்கேனும் காகத்தின் கதையைச் சொல்லுங்கள். அடுத்த மழையில் அது ஓர் உயிரைக் காக்கக்கூடும்!