வற்றல் களத்துக்கு வாடிக்கையாளரை அழைக்கலாம்

ஆடி 18 அன்று சிவகாசி அச்சகங்களில் பூஜை போட்டு, வரப்போகும் ஆண்டுக்கான தினசரி காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது நெடுநாள் வழக்கம். ஏஜெண்டுகள் தாளைத் தொட்டுப் பார்த்து, படம், அளவு, விலை எல்லாம் பேசி ஆர்டர் கொடுக்கிறார்கள். ஆண்டு பிறக்க ஐந்து மாதம் இருக்கும்போதே சரக்குக்கு ஆள் சேர்ந்துவிடுகிறது.

இதே மாவட்டத்தில் சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரிக் கரிசலில் மிளகாய் போடும் சிறு விவசாயிக்கு அப்படி ஒரு நாள் இல்லை. மாசி, பங்குனியில் எல்லாருடைய வற்றலும் ஒரே சமயத்தில் மண்டிக்கு வர, விலை இறங்கி நிற்கும். தன் வற்றலை எந்த ஊரில் யார் அரைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அரைப்பவருக்கும் விளைவித்தவரைத் தெரியாது.

மண்டிக்காரர் விவசாயியை உட்காரவைத்துக் காபி வாங்கித் தருவார். அவசரத்துக்கு முன்பணமும் கொடுப்பார். அதுவும் உறவுதான். மழை பொய்த்த வருஷத்தில் கைகொடுப்பதும் பெரும்பாலும் அந்த உறவே. ஆனால் முன்பணம் வாங்கியவர், விலை படியவில்லை என்று மூட்டையைத் திருப்பி எடுத்து வர முடிவதில்லை. மண்டியைப் பகைப்பது விவேகமல்ல. கணக்கை நேர் செய்தது போக, பத்து மூட்டையில் ஒன்றிரண்டை ஒதுக்கி, ஒரு நாள் விவசாயியே விருந்து வைத்துப் பார்க்கலாம்.

பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலாளர் வீடுகளில் வருஷத்து மிளகாயைக் கோடையில் வாங்கி வைப்பவர்கள் இன்னும் உண்டு. ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், அப்படிப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களையும் ஒரு மெஸ்காரரையும் களத்துக்கு அழைத்தால் போதும். சொந்தக் கம்பில் கூழ், மோர், இந்த வற்றலையே அரைத்து வைத்த ஒரு குழம்பு. நூறு பேரைக் கூப்பிட்டால் பந்தல், மைக்செட், தலைமை தாங்க ஒரு பிரமுகர் என்று போய், ஒரு மூட்டைப் பணம் அதிலேயே கரைந்துவிடும். யாரிடமும் நின்று பேசவும் முடியாது.

வற்றல் நன்றாகக் காய்ந்த பிறகே அழைப்பு. ஈரப்பதம் 10 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த வீட்டம்மாள் மறு வருஷம் வரமாட்டார், பக்கத்து வீட்டாரையும் வரவிடமாட்டார். நிறம் வெளுத்த சண்டு வற்றலை மறைக்காமல் தனியே குவித்து, அதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். பூஞ்சணம் கண்டதை விற்கவே கூடாது.

அன்றைய மண்டி விலையைச் சொல்லி, அதற்கும் சில்லறைக் கடை விலைக்கும் நடுவே ஒரு விலை வைத்தால் இரு தரப்புக்கும் லாபம். முத்திரை வைத்த தராசில் நிறுத்து, கையோடு ரொக்கம் வாங்க வேண்டும். கடன் கேட்கக் கூடிய சொந்தக்காரர்களை அன்று அழைக்காமலிருப்பதே நலம். அவர்களுக்கு வேறொரு நாள் கூழ் ஊற்றிக்கொள்ளலாம்.

வந்தவர் பெயர், தெரு, வாங்கிய எடை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். அடுத்த தை மாதம் முதல் பழம் எடுத்ததும், மண்டிக்குச் சொல்வதற்கு முன் இந்த நோட்டில் உள்ளவர்களுக்குத் தகவல் போகட்டும்.