வயலின்கள் இல்லாத பிராக்

காரெல் ஹூசாவின் 'மியூசிக் ஃபார் பிராக் 1968' என்ற படைப்புக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. முதலில் காற்றுக்கருவிகளும் தாளக்கருவிகளும் கொண்ட பேண்டுக்காக எழுதினார். பிற்பாடு அவரே முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி அமைத்தார். இரண்டாவதே முதிர்ந்தது என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேண்டு என்றாலே அணிவகுப்பும் கேளிக்கையும்தான் என்ற பழைய மேட்டிமையின் எச்சமே அது என்று தோன்றுகிறது.

ஹூசா 1921இல் பிராகில் பிறந்தவர். 1954 முதல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1968 ஆகஸ்டில் வார்சா ஒப்பந்தப் படைகள் தன் நாட்டுக்குள் புகுந்த செய்தியை அவர் வானொலியில்தான் கேட்க நேர்ந்தது. இதாகா கல்லூரி பேண்டுக்காக அவர் எழுதிய இந்தப் படைப்பு, 1969 ஜனவரியில் வாஷிங்டனில் அரங்கேறியது.

தொடக்கத்தில் பிக்கலோ குழல் ஒரு பறவையைப் போலத் தனித்துக் கூவுகிறது. அதனடியில் டிம்பனி முரசு, பதினைந்தாம் நூற்றாண்டு ஹூசைட் போர்ப்பாடலின் சில ஸ்வரங்களை மட்டும் முணுமுணுக்கிறது. பின்னர் டிரம்பெட்டுகள் அபாயக் குரல் எழுப்புகின்றன. டிரம்பெட்டும் முரசும் காலங்காலமாகப் படைகளின் கருவிகள். படையெடுப்பாளனின் கருவிகளைக் கொண்டே படையெடுக்கப்பட்ட நகரத்தை அலற வைத்திருக்கிறார் ஹூசா. ஆர்க்கெஸ்ட்ராவில் இந்த முரண் மழுங்கிவிடுகிறது. வயலின்கள் வந்தவுடன் துயரம் இதமாகிவிடுகிறது; கேட்பவனுக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு நிழல் கிடைத்துவிடுகிறது. பேண்டில் அந்த நிழல் கிடையாது. குறிப்பாக, தாளக்கருவிகள் மட்டுமே ஒலிக்கும் மூன்றாம் பகுதியின் இறுதியில் மெல்ல எழுந்து பெருகும் அந்தச் சிறுமுரசு! நெருங்கி வருவது யார், அவர்களா நம்மவர்களா என்று எத்தனை முறை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

தலைப்பிலேயே ஆண்டைப் பொறித்த படைப்பு பிரச்சாரமன்றி வேறென்ன என்று கேட்கப்படலாம். இறுதிப் பகுதியின் இரைச்சல் சற்று நீள்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரச்சாரம் வெற்றியை வாக்களிக்கும். இங்கோ அந்தப் போர்ப்பாடல் ஓரிடத்திலும் முழுமையாக ஒலிப்பதில்லை. ஸ்மெதனா தன் 'மா வ்லாஸ்த்'தில் இதே பாடலை வெற்றி முழக்கமாக உயர்த்தினார். ஹூசாவில் அது ஒன்றிணைந்த குரலாக எழுந்து, முடியாமலே நின்றுவிடுகிறது.

கம்யூனிச ஆட்சி வீழ்ந்தபின் 1990இல் பிராகிலேயே இதை இயக்கும் வாய்ப்பு ஹூசாவுக்கு வாய்த்தது. அப்போதும் பாடலின் மிச்சத்தை அவர் எழுதிச் சேர்க்கவில்லை.