போதும்னா போதும்தானுங்க

மஞ்சள் வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு முடிக்கவே நேரம் சரியாக இருந்ததால் மூன்று வாரமாக இங்கே எதுவும் எழுதவில்லை. இந்த வாரம் மஞ்சள் விலையைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மாரியம்மன் நோம்பிக்கு மறுநாள் எங்கள் வீட்டுக் கெடா விருந்தில் நடந்த ஒரு விஷயம் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. அதைச் சொல்லிவிட்டு மஞ்சளுக்கு வர்றேன்.

என் தங்கச்சி குடும்பத்தோடு நோம்பிக்கு வந்திருந்தாள். பந்தியில் உட்கார்ந்து ரெண்டு துண்டு கறி, ஒரு அவிச்ச முட்டை, ரெண்டு ஸ்பூன் சோறு சாப்பிட்டுவிட்டு இலையை மூடப் போனாள். அந்த நேரம் பார்த்து எங்க பெரியம்மா கரண்டியோட வந்தாங்க.

"என்ன அம்மிணி, கோழி கொத்தற மாதிரி கொத்திட்டு எந்திரிக்கற? அண்ணன் வீட்டுச் சோறு இறங்கலையா?"

"போதுங்க பெரியம்மா." மூணு தடவை சொன்னாள். பெரியம்மா விடலை. ஒரு கரண்டி சோறு, அதுக்கு மேல குழம்பு, பக்கத்தில் ஒரு மாவிளக்கு உருண்டை. பந்தியில் இருந்த எல்லாரும் அவ மூஞ்சியையே பார்த்தாங்க. சாமி பிரசாதத்தை வேண்டாம்னு சொன்னா என்ன பேச்சு வரும்னு அவளுக்குத் தெரியாதா? சாப்பிட்டாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, தலை சுத்தி, கட்டுத்தரைப் பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டுக் கயித்துக் கட்டிலில் படுத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள்ள ஊருக்குள் ரெண்டு கதை. ஒண்ணு, அவளுக்கு ஏதோ பெரிய சீக்கு. இன்னொண்ணு, மாமியார் வீட்டில் சோறு போடாம இப்படி இளைச்சுட்டா.

உண்மை என்னன்னா, மூணு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்கு எடை குறைப்பு ஆபரேஷன் நடந்தது. அப்போ அவள் எடை 112 கிலோ. சர்க்கரைக்கு ஊசி, பிரஷருக்கு மாத்திரை, முட்டி வலி. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டி எந்திரிச்சு உட்கார்ந்துவிடுவாள். இதை எழுதலாமான்னு அவகிட்ட கேட்டேன். "எழுதுண்ணா, பேரு ஊரு மட்டும் வேண்டாம்" என்றாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். அந்தப் பயம் எனக்கும் புரியுது.

முதலில் என் தப்பைச் சொல்லிடறேன். ஆபரேஷன்னு சொன்னப்ப முதல் ஆளா எதிர்த்தவன் நான்தான். "தோட்டத்தில் நாலு மாசம் களை வெட்டினா கொழுப்பு தானா கரைஞ்சிட்டுப் போகுது, அதுக்கு எதுக்கு வயித்தைக் கிழிக்கணும்?" என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கு. "அண்ணா, நான் என்ன பட்டினி கிடந்து பார்க்காதவளா? நடக்காதவளா? பத்து வருஷமா இறங்கறதும் ஏறதுமா இருக்கேன்."

அவ சொன்னது நிஜம். எடை கூடுறது வெறும் சோம்பேறித்தனம் கிடையாது. எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டி, பழைய எடைக்கே இழுத்துக்கிட்டு வரும்னு டாக்டர் விளக்கினார். அதுவும் போக, நம்ம வேலையும் மாறிப் போச்சு. ஏத்தம் இறைச்ச காலம் போய் மோட்டார் வந்தது, இப்போ மோட்டாரையும் செல்போனிலேயே போடறோம். சோத்தின் அளவு மட்டும் ஏத்தம் இறைச்ச காலத்து அளவு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையில் இருக்காங்க. அதுக்கு முந்தைய ஆய்வில் இது 31. இது ஒரு வீட்டுக் கதை இல்லை.

அவளுக்குச் செய்தது பைபாஸ். இதய பைபாஸ் இல்லை, இரைப்பை பைபாஸ். ஊரில் நினைக்கிற மாதிரி வயித்தை வெட்டி வெளியே எறியலை. இரைப்பையின் மேல் பகுதியில் ஒரு கோழி முட்டை அளவுக்குச் சின்னப் பையைத் தனியாகப் பிரிச்சு, சிறுகுடலைக் கொஞ்சம் கீழேயிருந்து எடுத்து அதோடு இணைச்சிருக்காங்க. மீதி இரைப்பை உள்ளேயே இருக்கு, ஆனா சாப்பாடு அந்த வழியாகப் போகாது. ஸ்லீவ்னு இன்னொரு முறை இருக்கு. அதில்தான் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி நீளமான குழாயாக விடுவாங்க.

இப்போ பந்தியில் நடந்ததை நினைச்சுப் பாருங்க. சொட்டுநீர் போட்ட வயலில் வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? இனிப்பு அந்தச் சின்னப் பையில் நிக்காம நேரா குடலுக்குள்ள இறங்கிடும். உடனே குடல் தண்ணியை உறிஞ்சி இழுக்கும். அதுதான் அந்த வேர்வை, படபடப்பு, தலைசுத்தல் எல்லாம். நாம அன்புன்னு வச்ச மாவிளக்கு அவளுக்கு ஒரு மணி நேரத் தண்டனை.

அவ ஒரு நாளைக்கு எப்படிச் சாப்பிடுறான்னு பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஆபரேஷன் முடிஞ்சதும் முதல் ரெண்டு வாரம் வெறும் தண்ணி ஆகாரம். அப்புறம் மசிச்சது, அப்புறம் குழைஞ்சது. கெட்டிச் சாப்பாட்டுக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு. இப்போ ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் பிடிக்கும். அந்தக் கிண்ணத்துக்குள்ள முதல் இடம் புரதத்துக்கு. நாளைக்கு 60 கிராமாவது வேணும்னு சொல்லியிருக்காங்க. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு மில்லி பாலில் 3 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் சோத்துக்கு எங்கே இடம்? அதனால் முட்டை, மீன், கோழி, பாசிப்பயிறு கடைசல், கொள்ளுப் பருப்பு, கெட்டித் தயிர் இதெல்லாம் முதலில். காய் அடுத்து. சோறு கடைசியில், இடம் இருந்தா.

ஒவ்வொரு வாயையும் கூழாகிற வரைக்கும் மெல்லணும். அந்தக் கிண்ணத்தைக் காலி பண்ண அரை மணி நேரம் ஆகும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக்கூடாது, சாப்பிட்டு அரை மணி கழிச்சுத்தான். அதுவும் மடக்கு மடக்கா. சித்திரை வெயிலில் சொம்புத் தண்ணியை அண்ணாந்து குடிக்கிற நமக்கு இது எவ்வளவு கஷ்டம்னு புரியும். சத்து மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் ஒண்ணாப் போடக்கூடாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும். முட்டி வலின்னு மெடிக்கல்ல ரெண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கிற பழக்கமும் அவளுக்கு ஆகாது. குடலை இணைச்ச இடத்தில் புண் வந்துடும்.

இந்த மாத்திரை விஷயத்தில்தான் போன வருஷம் நாங்க பயந்து போனோம். "இளைச்சாச்சே, சர்க்கரையும் நின்னு போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை? உடம்புக்குச் சூடு" என்று சொந்தக்காரங்க சொல்லிச் சொல்லி, அவளும் ஆறேழு மாசம் எல்லாத்தையும் நிறுத்திவிட்டாள். ஒருநாள் பாதம் மதமதன்னு இருக்குன்னாள். செருப்பு கழண்டதுகூடத் தெரியலைன்னாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் பி12 அடிமட்டத்தில், ரத்தமும் குறைவு. ஊசி போட்டு இப்போ தேறிட்டாள். இன்னும் தள்ளிப் போயிருந்தால் நரம்பு பழையபடி திரும்பாமலே போயிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். சொந்தக்காரங்க யாரும் கெடுதல் நினைச்சுச் சொல்லலை. பாசத்தில் சொன்னாங்க. ஆனா கால் அவளோடது.

இங்கேதான் என் கருத்துக்கு வர்றேன். ஆபரேஷன் வயித்தைத்தான் மாத்துது. வீட்டையும் பந்தியையும் அது மாத்தாது. அதை நாமதான் மாத்தணும்.

நம்ம வீடுகளில் பொம்பளைங்க எப்போ சாப்பிடறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? கடைசியில். எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு, சட்டியில் மிஞ்சினதை. அதற்குள் குழம்பில் கறித்துண்டு இருக்காது, பருப்பில் பருப்பு இருக்காது. சோறும் தண்ணிக் குழம்பும்தான் இருக்கும். வீணாப் போகுதேன்னு அந்தச் சோத்தையும் வழிச்சுச் சாப்பிடுவாங்க. எடை கூடுறதுக்கு இதுவும் ஒரு வழி. ஆபரேஷன் முடிஞ்சு புரதம்தான் முதல்ல வேணும்ங்கிற பொம்பளைக்கு இந்தப் பழக்கம் நேர் எதிர். என் மச்சான் இதைப் புரிஞ்சுக்கிட்டார். முதல் பந்தியில் அவளையும் உட்கார வைக்கிறார், அவ கிண்ணத்தை எடுத்து வைத்த பிறகுதான் மத்தவங்களுக்குப் பரிமாறுறாங்க. இது நடக்க ஒரு வருஷம் ஆச்சு, சண்டையும் நடந்தது.

"விருந்தாளியை வற்புறுத்தாம விட்டால் மரியாதையா? நம்ம பண்பாடு என்ன ஆகிறது?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நானும் வற்புறுத்தி வளர்த்த பிள்ளைதான். ஒரு தடவை கேட்கிறது மரியாதை. ரெண்டாவது தடவை கேட்கிறது, கூச்சப்படறாங்களோன்னு. மூணாவது தடவை இலையில் கொட்டறது விருந்தாளிக்காக இல்லைங்க, நம்ம பெருமைக்காக. நம்ம வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டாங்கன்னு நாலு பேர் சொல்லணும்னு.

"அவங்கவங்க கட்டுப்பாடா இருந்தால் போச்சு, ஊரை ஏன் குத்தம் சொல்லணும்?" என்றும் சிலர் கேட்கலாம். வைகாசி மாசம் ஒண்ணில் மட்டும் எத்தனை பத்திரிகை வருது? கல்யாணம், சீர், காதுகுத்து, கெடா வெட்டு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரியம்மா, ஒரு அத்தை, ஒரே ஒரு வாய். அத்தனை பேரிடமும் முகம் கொடுத்து வேண்டாம்னு சொல்ல எந்த மருமகளால் முடியும்? தங்கச்சி 112 கிலோவிலிருந்து 73 கிலோவுக்கு வந்தாள். இப்போ 77. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் கொஞ்சம் ஏறுறது பலருக்கும் நடக்கிறதுதான்னு டாக்டர் சொல்றார். ஆனா அவளுக்கு ஒவ்வொரு கிலோவும் பயம். சின்னப் பையிலும் முறுக்கு, மிக்சர், டீ, இனிப்புன்னு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே இருந்தால் எடை திரும்பத்தான் செய்யும்.

அதே மாதிரி உடம்பைப் பத்திப் பேசறதையும் நிறுத்தணும். குண்டா இருந்தப்ப "என்ன அம்மிணி, வாசல்படி பத்துமா?" என்று சிரிச்ச அதே வாய்தான், இப்போ "என்ன சீக்கு, மூஞ்சியெல்லாம் தொங்கிப் போச்சு" என்று கேட்குது. ஆபரேஷன் முடிஞ்ச நாலாம் மாசம் முடி கொத்துக் கொத்தாக் கொட்டினப்ப அவள் கல்யாணங்களுக்குப் போகிறதையே நிறுத்திட்டாள். முடி அப்புறம் முளைச்சுருச்சு. கேட்ட கேள்விதான் போகலை.

அன்னைக்குச் சாயங்காலம் பெரியம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து எல்லாத்தையும் சொன்னேன், தங்கச்சி சம்மதத்தோடதான். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டாங்க, "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கண்ணு வெக்கப் போறேன்? அப்பண்டிசு ஆபரேஷன்னு சொன்னது நீதான?"

ஆமாங்க, நான்தான். ஊர் வாய்க்குப் பயந்து மூணு வருஷம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால்தான் அவ பந்தியில் காரணம் சொல்ல முடியாம மாட்டிக்கிட்டாள். வீட்டில் இப்படி யாராவது இருந்தால், நாலு நெருங்கின சொந்தத்துக்காவது உண்மையைச் சொல்லி வையுங்க. சொல்ல முடியாத நிலைமையும் இருக்கும், அதுக்கும் வழி ஒண்ணுதான். காரணம் கேட்காமலேயே, ஒருத்தர் இலை மேல கையை வைச்சு மறைச்சால் கரண்டியைத் திருப்பிடுங்க. அவங்களுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், வெறுமனே பசி இல்லாமலும் இருக்கலாம். நமக்கு எதுக்கு?

மறுநாள் காலையில் பெரியம்மா வந்தாங்க. கையில் ஒரு சின்னக் கிண்ணம், உள்ளே பாசிப்பயிறு கடைசல். "இது ஆகுமா அம்மிணி? ஆகலைன்னா வெச்சுரு, ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றாங்க. தங்கச்சி அரை மணி நேரம் உட்கார்ந்து நிதானமாச் சாப்பிட்டாள். நெய்தான் கொஞ்சம் தாராளமா மிதந்தது. அதை அடுத்த நோம்பிக்குப் பேசிக்கலாம்.