"சந்தோஷமா இரு" என்று மிரட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வளைகாப்புக்கு வந்தவர்களுக்கு நான் ஏன் பந்தி முடிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினேன் என்று தெரிந்திருக்காது. சொல்லிவிடுகிறேன்.

கை நிறைய வளையல் அடுக்கி, சந்தனம் பூசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. உடனே மூன்று பேர் பாய்ந்தார்கள். "அழாதேடி, வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆகாது!" ஏம்மா அழுகிறாய் என்று ஒருத்தி கேட்கவில்லை. அவளும் துடைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தாள்.

பிறகு பின்கட்டில் என்னிடம் சொன்னாள் (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்): "சந்தோஷமாத்தான் இருக்கு பெரியம்மா. பயமாவும் இருக்கு. சில நாள், எதுக்கு இப்பவே இதுன்னு தோணுது. அப்படி நினைச்சது பாவமோன்னு அதுக்கும் சேர்த்து அழுகை வருது."

பயம் அவளுடையது. அந்தப் பாவ உணர்ச்சி நாம் அவளுக்குச் செய்த சீர்.

1984இல் எனக்கும் இதேதான். பிரசவ விடுப்பு அப்போது 90 நாள். வீங்கிய காலோடு கரும்பலகை முன் நின்றேன். குழந்தை அசைந்தால் பூரிப்பு. ராத்திரியானால், பிழைப்பேனா, வேலைக்குத் திரும்புவேனா என்ற நடுக்கம். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "கொடுத்து வைக்காதவள்" என்பார்கள். பத்தாம் வகுப்புக்கு இனப்பெருக்கப் பாடத்தைத் தாண்டிப் போகாமல் நடத்தியவள் நான். கருப்பை, நஞ்சுக்கொடி எல்லாம் படம் போட்டுக் காட்டினேன். அவள் மனம் என்ன பாடுபடும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது என் தவறு.

மனம் நொந்தால் குழந்தைக்குப் பாதிப்பு என்று டாக்டர்களே சொல்கிறார்களே என்பீர்கள். நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட மனச்சோர்வைப் பற்றி அவர்கள் சொல்வது அது. வளைகாப்பில் வந்த கண்ணீரைப் பற்றி அல்ல. அப்படியே சோர்வுதான் என்றாலும் அதட்டினால் தீருமா? ஹார்மோன் மாற்றம், தூக்கமின்மை, குமட்டல், வேலை, கடன், பிரசவ பயம் எல்லாம் ஒரே உடம்பில். இரண்டு மனமாக இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

எடை பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோம், ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு ஓடுகிறோம். மனதைக் கேட்கவும் வழி இருக்கிறது. எடின்பரோ வினாத்தாள் என்று பத்தே கேள்விகள், 1987இல் வந்தது, தமிழிலும் உண்டு. பிரசவித்த தாய்மாருக்காக உருவாக்கியதைக் கர்ப்பிணிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அழுகையோ வெறுமையோ இரண்டு வாரம் தாண்டியும் விடாவிட்டால், தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால், காத்திருக்காதீர்கள். செத்துவிடலாம் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். டெலி மானஸ் எண் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

என்னிடம் படித்த பையன்களே, பாதிப் பேர் இப்போது அப்பாக்கள். "எல்லாப் பொம்பளையும் பெத்துக்கலையா" என்று உங்கள் வீட்டில் யார் சொன்னாலும், அது உங்கள் அம்மாவே ஆனாலும், எழுந்து நின்று தடுங்கள். வகுப்பில் வாயை மூடச் சொன்னால் மூடாதவர்கள்தானே நீங்கள்!

உறவுகளுக்கு ஒன்று. அந்தப் பெண்ணுக்கு போன் போட்டு "பையனா பொண்ணா, என்ன தோணுது" என்று கேட்பதை நிறுத்துங்கள். புதன்கிழமை நான் போகிறேன். அறிவுரை சொல்ல அல்ல. அவள் பேசினால் கேட்க, பேசாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய.