உதவித்தொகை இருக்கிறது, தகவல்தான் வந்து சேரவில்லை

போன வாரம் பால் வாங்கப் போன இடத்தில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி என்னை நிறுத்தினார். "சார், பேத்தி பிஎச்.டி.யைப் பார்ட் டைமா மாத்தப் போறேங்கா. யுனிவர்சிட்டில குடுக்க ஒரு ஃபாரம் எழுதி வச்சிருக்கா. நீங்க அங்கேயே இருந்தவரு, ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்" என்றார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணே ஃபாரத்தோடு வந்தாள். விலங்கியலில் முழுநேர ஆராய்ச்சி, இரண்டாம் வருடம். அப்பா தவறி நாலு வருடம் ஆகிறது. அம்மாவும் இவளும் தாத்தா வீட்டோடுதான் இருக்கிறார்கள். உதவித்தொகை ஒன்றும் கிடையாது. பஸ் செலவு, ஆய்வகத்துக்குக் கைக்காசில் வாங்கும் சில்லறைச் சாமான்கள், பருவத்துக்குப் பருவம் கட்டணம் என்று எல்லாம் கடைக் கல்லாவிலிருந்துதான் போகிறது. தனியார் பள்ளி ஒன்றில் வேலை தயாராக இருக்கிறதாம். பகுதிநேரமாக மாற்றிக்கொண்டு அங்கே சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறாள்.

பேச்சுவாக்கில் கேட்டேன். "கூடப் பொறந்தவங்க யாரும்மா?"

"யாரும் இல்ல தாத்தா. நான் ஒத்தப் பிள்ளை."

"நெட் எழுதினியா?"

"எழுதினேன். ஜே.ஆர்.எஃப். கட் ஆஃப் வரல."

"சரி. வீட்டுக்கு ஒரே பொண்ணா இருக்கிறவங்களுக்கு யு.ஜி.சி. ஒரு ஃபெல்லோஷிப் குடுக்குதே, அதுக்குப் போட்டியா?"

அவள் பதில் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் இருக்கும் திட்டம் அது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை இல்லாத பெண், முழுநேரம் பிஎச்.டி. செய்தால் விண்ணப்பிக்கலாம். முழுநேரம் என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். அண்ணாச்சி கையெழுத்துக்குக் காத்திருந்த அந்த ஃபாரம் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தால், அன்றோடு அந்தத் தகுதியும் போயிருக்கும்.

"இந்த ரெண்டு வருஷத்துல ஒருத்தர்கூடச் சொல்லல தாத்தா" என்றாள். அது எனக்குச் சுருக்கென்று பட்டது. ஏனென்றால் அப்படிச் சொல்லாமல் இருந்தவர்களில் ஒரு காலத்தில் நானும் ஒருவன்.

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்துவிட்டுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை. நான் சொல்லப் போவது எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியதுதான்.

1993-ஆம் வருடம். டெல்லியிலிருந்து ஆராய்ச்சி உதவித்தொகை பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. தபால் பிரிவில் இன்வர்டு நம்பர் போட்டு, பதிவாளர் மேசைக்குப் போய், அங்கிருந்து துணைப் பதிவாளருக்கு வந்து, அவர் எங்கள் செக்‌ஷன் பெயரை எழுதி, என் மேசைக்கு வந்து சேர ஒரு வாரம். நான் நோட் போட்டு மேலே அனுப்பியிருக்க வேண்டும். அது மார்ச் மாதம், வரவு செலவுக் கணக்கு முடிக்கும் வேலை தலைக்கு மேல். அதை டிரேயில் வைத்தேன். அதன் மேல் வேறொன்று, அதன் மேல் இன்னொன்று. மறுபடி கையில் அகப்பட்டபோது அவசரமாக நோட் போட்டு, ஒப்புதல் வாங்கி, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, துறைகளுக்கு அனுப்பினோம். அங்கே கண்ணாடிக் கதவு போட்ட பலகை. அதற்குப் பூட்டு. சாவி அட்டெண்டரிடம். அட்டெண்டர் லீவில்.

ஆகமொத்தம், எங்கள் வாசலில் வந்து இறங்கிய காகிதம் மாணவர்கள் கண்ணில் பட 31 நாட்கள் ஆயின. கடைசித் தேதி கடந்து நாலு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் ஒரு பையன் என் மேசைக்கு வந்தான். தாவரவியல். காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். கோபப்படவில்லை. "சார், இது நம்ம ஆபீஸுக்கு எப்ப வந்துச்சு சார்?" என்று மட்டும் கேட்டான். பதிவேடு பக்கத்து மேசையில்தான் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. "தபால் லேட்டுப்பா. டெல்லிக்காரன் அனுப்புறதே அப்படித்தான்" என்றேன். "சரிங்க சார்" என்று போய்விட்டான். அந்த வருடம் முடிவதற்குள் ஆராய்ச்சியை விட்டுவிட்டான் என்று பிறகு அந்தத் துறைக்காரர் ஒருவர் சொன்னார். அந்தப் பணம் கிடைத்திருந்தால் நிச்சயம் முடித்திருப்பான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொய் சொன்னது நான்தான். முப்பது வருடம் ஆகியும் அந்த ரப்பர் செருப்பு கண்ணில் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் கழித்து என் மகள் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தபோது, அவள் படிப்புக்குப் பொருத்தமான ஒரு வாய்ப்பு பற்றிய கடிதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. இன்வர்டு நம்பர் போட்ட மை காயும் முன்பே விவரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் கொடுத்தேன். கிடைத்தது. இன்று ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். தகுதி இல்லாமல் வாங்கினாள் என்று யாரும் சொல்ல முடியாது. நான் எந்த விதியையும் மீறவுமில்லை. ஆனால் அதே காகிதம் மற்ற பிள்ளைகளிடம் போய்ச் சேர எத்தனை நாள் ஆனது என்று நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். மேற்படிப்புக்கு உதவித்தொகை போதாது என்று நாம் குறைப்படுகிறோம். நியாயமான குறைதான். ஆனால் இருப்பதைப் பற்றிய தகவல்கூட வீட்டில் ஒரு வாத்தியாரோ குமாஸ்தாவோ இருக்கிற பிள்ளைக்குத்தான் நேரத்துக்குப் போகிறது. மளிகைக்கடை வீட்டுப் பிள்ளைக்குக் கடைசித் தேதி முடிந்த பிறகு போகிறது, அல்லது போவதே இல்லை.

"இப்போ எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறதே, பிள்ளைகளே தேடிப் பார்க்கலாமே" என்பார் என் நடைப்பயிற்சி நண்பர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தேடலாம். எதைத் தேடுவது என்று தெரிந்தால் தேடலாம். அண்ணாச்சி பேத்தியின் செல்போனை வாங்கிப் பார்த்தேன். துறைக்கு ஒரு வாட்ஸப் குழு, ஸ்காலர்களுக்கு ஒரு குழு, பழைய வகுப்புத் தோழிகளுக்கு ஒரு குழு. ஒரு நாளில் இருநூறு செய்தி. பிறந்தநாள் வாழ்த்துக்கு நடுவே ஒரு பிடிஎஃப், அதற்குக் கீழே பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் (இது தனிக் கொள்ளை, வேறொரு நாள் எழுதுகிறேன்). பிடிஎஃப்புக்குத் தலைப்புகூட இல்லை, ஒரு நம்பர்தான். திறந்தால் பதினெட்டுப் பக்கம் ஆங்கிலம். அன்று கண்ணாடிக்குள் பூட்டி வைத்தோம். இன்று குப்பைக்குள் போட்டு வைக்கிறோம்.

இத்தனைக்கும் இருப்பவை சின்னத் தொகைகள் அல்ல. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது 30 தாண்டக் கூடாது. பெண்களுக்கு ஐந்து வருடச் சலுகை உண்டு என்பது பல பெண்களுக்கே தெரியாது. அறிவியல் பாடத்தில் எம்.எஸ்சி. படித்துப் பல்கலைக்கழகத்தில் முதல் இடம் வந்தவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபெல்லோஷிப் இருக்கிறது. தங்கப் பதக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, இது தெரியாமலே இருந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். நம் மாநில அரசு, முழுநேர பிஎச்.டி. செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தனியே ஊக்கத்தொகை தருகிறது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஆராய்ச்சி செய்பவர்களுக்காக முதலமைச்சர் பெயரில் ஒரு திட்டம். அதற்கு 2023-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வே நடத்தியது. எம்.எஸ்சி. படிக்கும்போதே கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பெரிய ஆய்வகத்தில் உட்கார்ந்து வேலை கற்க, நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து உதவித்தொகை தருகின்றன. கோடைக்குத்தானே என்று ஏப்ரலில் தேடினால் கிடைக்காது, முந்தின வருடக் கடைசியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்தே போட வேண்டும்.

எதுவும் கிடைக்காதவர்கள் பாடு வேறு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆராய்ச்சி மாணவருக்கு நெட் இல்லாவிட்டாலும் மாதம் 8,000 ரூபாய் வரும். அதை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் 2015-ல் டெல்லியில் யு.ஜி.சி. வாசலில் மாணவர்கள் உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிள்ளைக்கு அந்த 8,000 கிடையாது. அதே நெட், அதே பிஎச்.டி., பட்டத்துக்கு அதே மதிப்பு. இந்த வேறுபாடு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆகையால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மற்றத் திட்டங்களின் தகவல் இன்னும் முக்கியமாகிறது.

கிடைத்த பிறகும் அலுவலகத்தின் கை இருக்கிறது. யு.ஜி.சி. தொகை கனரா வங்கி வழியாக மாணவர் கணக்குக்கு நேராக வருகிறது. ஆனால் இந்த மாணவர் இந்த மாதம் ஆராய்ச்சியில்தான் இருக்கிறார் என்று பல்கலைக்கழகத்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர் மறந்தாலும் பணம் நிற்கும். என் டிரேயில் காகிதம் தூங்கியது போலத்தான்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும். "சம்பந்தப்பட்ட பிரிவு" என்று எழுதினால் அது யாருமில்லை என்று அர்த்தம், அதை எழுதிப் பழகியவன் சொல்கிறேன். அவர் ஒவ்வொரு அறிவிப்பின் தலையிலும் தமிழில் மூன்று வரி எழுத வேண்டும்: யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். அது வளாகத்தோடு நிற்காமல் இணைப்புக் கல்லூரிகளுக்கும் அன்றைக்கே போக வேண்டும். முதுகலை படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான், நான் ஓய்வு பெற்றபோதே எங்கள் செக்‌ஷனில் இரண்டு நாற்காலி காலி. ஆனால் மூன்று வரி எழுத அரை மணி நேரம் போதும். கைடுகளும் புதிதாகச் சேரும் ஸ்காலரிடம் தலைப்பைக் கேட்கும் முன் வீட்டில் எத்தனை பேர், வருமானம் என்ன, எந்தப் பிரிவு என்று ஐந்து நிமிடம் பேசலாம். சிலர் செய்கிறார்கள். அவர்களிடம் சேர்ந்த பிள்ளைகள் தப்பித்துவிடுகிறார்கள்.

இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் என்னைப் போல ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள். ஆங்கிலச் சுற்றறிக்கையைப் பார்த்ததும் கடைசித் தேதி எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று நமக்குக் கண் போகும். தெருவில் எம்.ஏ., எம்.எஸ்சி., பிஎச்.டி. படிக்கிற பிள்ளை யார் என்று விசாரித்து வையுங்கள். நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் யு.ஜி.சி. பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். என் மனைவி இதை ராசிபலன் பார்ப்பது என்பாள்.

அண்ணாச்சி அந்த ஃபாரத்தைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார், கையெழுத்துப் போடவில்லை. அடுத்த அறிவிப்பு வரும்வரை பேத்தி தாக்குப்பிடிக்க வேண்டும், அதுவரை அந்தப் பள்ளிக்கூடத்து வேலை காத்திருக்காது. அவளுக்கு அது புரிகிறது. "கிடைக்கலன்னா என்ன தாத்தா செய்ய?" என்று கேட்டாள். கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஒரே பிள்ளை என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள், அதில் யாரிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும் என்று அண்ணாச்சி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.