ரிலேயை நேராக்காதீர்கள்

போன குறுவையில் என் மோட்டார் எரிந்தது. தப்பு என்னுடையதுதான், அதனால் எழுதுகிறேன்.

மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்வரை நாற்றங்காலுக்குப் போர்தான் கதி. ஸ்டார்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆனது. வயரிங் வேலைக்கு வரும் தம்பி, "ரிலேதான் சார் தொல்ல பண்ணுது, டைரக்டா போட்டுடுறேன்" என்றார். நானும் சரி என்று விட்டேன். நாலாம் நாள் ஒரு பேஸ் போயிற்று. மோட்டார் உறுமிக்கொண்டே காயில் கருகியது. காயில் கட்டி வருவதற்குள் நாற்றில் பாதி காய்ந்துவிட்டது.

அப்புறம்தான் அந்தப் பெட்டியைப் புரிந்துகொண்டேன். பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஒரு சிறு காயிலுக்குக் கரண்ட் போகிறது. அது காந்தமாகி காண்டாக்ட்டை இழுத்துப் பிடிக்க, மூன்று பேஸும் மோட்டாருக்குப் போகின்றன. சின்ன கரண்ட், பெரிய கரண்ட்டை அடக்கி ஆள்கிறது. ரிலேயின் தத்துவமே இதுதான். வங்கியில் அதிகாரி பணத்தைத் தூக்குவதில்லை. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் பணம் நகராது. அதுபோலத்தான்.

ஓவர்லோட் ரிலேக்குள் இரண்டு உலோகங்கள் ஒட்டிய தகடுகள் உண்டு. மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் தகடு சூடாகி வளையும்; ஏனென்றால் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. வளைந்த தகடு காயிலின் இணைப்பைத் துண்டிக்கும், மோட்டார் நிற்கும். கிளம்பும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுத்தாலும் அது சில நொடிதான். தகடு சூடாக நேரம் வேண்டும். அதனால் ட்ரிப் ஆகாது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்!

அப்படியானால் ட்ரிப் ஆவது நோயல்ல, நோயின் அறிகுறி. வோல்டேஜ் குறைவு, ஒரு பேஸ் இல்லாமை, தேய்ந்த பேரிங், மணல் அடைத்த பம்ப், இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். இலை மஞ்சளானதும் யூரியாவைக் கொட்டாமல் மண்ணைப் பார் என்று ஊருக்குச் சொல்கிற நாம், மோட்டார் விஷயத்தில் மட்டும் ஏன் அறிகுறியை அடித்து மூடுகிறோம்?

இன்னொன்று, ஆட்டோ. கரண்ட் போனால் காண்டாக்ட் விழுந்துவிடும். வந்தால் தானாக ஓடாது. மோட்டாரில் கை வைத்திருப்பவர் உயிருக்கு அது காவல். ஆட்டோ போட்டால் அந்தக் காவல் போகிறது. நள்ளிரவில் கரண்ட் வந்ததும் ஓடி, வரப்பு வழிந்து வடிகாலுக்குப் போகிறது நிலத்தடி நீர். 1990 முதல் உழவர் எல்லோருக்கும் மின்சாரம் இலவசம்தான், தண்ணீர் இலவசமா? கடற்கரைப் பக்கத்து உழவரைக் கேளுங்கள், உப்புத் தண்ணீரின் கதையைச் சொல்வார்.

என் வேண்டுகோள் மூன்று. மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியர் அளவுக்கே ரிலேயைத் திருப்பி வையுங்கள், 5 எச்.பி. என்றால் சுமார் ஏழரை ஆம்பியர் இருக்கும். ஒரு பேஸ் போனால் நிறுத்தும் பிரிவென்டரைக் கட்டாயம் போடுங்கள். நம் மாதக் கூட்டங்களில் பஞ்சகவ்யத்தோடு ஒரு மணி நேரம் ஸ்டார்ட்டர் பெட்டியையும் திறந்து காட்டச் சொல்வோம், மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து.

ட்ரிப் ஆனால் திட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள்.